ஜமீனுக்கு ரெண்டு யூனிட்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். ஆனா மேல சிவப்பா எழுதியிருக்கு பாருங்க, அவசர வழின்னு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கம்பியப் பிடிச்சு வெளிய தள்ளணும், உள்ள இழுக்கக் கூடாது. இப்பவே மனசுக்குள்ள ஒரு தடவ செஞ்சு பாத்துக்கிடுங்க. பயமுறுத்தல. முப்பத்தோரு வருஷம் தீயணைப்புல இருந்தவன் நான், ஸ்டேஷன் ஆபீசரா ரிட்டயர் ஆனேன். பேரு சுடலைமுத்து. சொந்த ஊரு திருநெல்வேலிப் பக்கம், குடியிருக்கது திருச்சி. கோவில்பட்டியில மச்சினி மகளுக்குக் கல்யாணம், போனா மூணு நாள் ஆகும். வீட்டுக்காரி வடிவு நாலு நாளைக்கு முன்னாலயே போயிட்டா. கூடவே போகாம நான் ஏன் தங்குனேன்னு கேக்கீங்களா? கேக்கலயா. சரி, நானே சொல்லுதேன். பூனைக்கு ஊசி போட ஆள் ஏற்பாடு பண்ண வேண்டியிருந்தது.

சிரிச்சுட்டீங்க பாத்தீங்களா. எல்லாரும் இந்த எடத்துலதான் சிரிக்காங்க. பூனைக்கும் சக்கர வியாதி வரும் சார். எங்க பூனைக்கு வந்துச்சு. ஏழரைக் கிலோ இருந்தான். படுத்தா எந்திரிக்க மாட்டான், தட்டு அவன் மூஞ்சிக்குப் பக்கத்துல வரணும். அதனால ஜமீன்னு பேரு வச்சோம். திடீர்னு ஒரு மாசத்துல எலும்பும் தோலுமா ஆயிட்டான். வாளி வாளியாத் தண்ணி குடிக்கான், வீடு பூரா மூத்திரம். டாக்டரம்மா ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு, இன்சுலின் போடணும், காலையில ரெண்டு யூனிட்டு, சாயங்காலம் ரெண்டு யூனிட்டு, ஆயுசுக்கும்னு சொல்லிட்டாங்க.

எனக்குப் பூனையெல்லாம் பிடிக்காது சார். வடிவுக்குத்தான் அவன் உசுரு. நான் காலையில பேப்பர விரிச்சா அது மேல வந்து படுத்துக்கிடுவான். அவன் படுக்காத பக்கத்த நான் படிக்கணும். மூணு வருஷமா எனக்கு விளையாட்டுச் செய்தியே தெரியாது. தள்ளிவிடலாம்தான். தூங்குறவனத் தள்ளிவிடுறது என்ன மனுஷத்தனம்?

சரி, விஷயத்துக்கு வாரேன். டாக்டரம்மா சொன்னது நாலே விஷயம். மருந்த ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க, குலுக்காதீங்க, சாப்பிட்ட பிறகு போடுங்க. முடிஞ்சுது. நாலு விஷயத்த வச்சுக்கிட்டு ஒரு ஸ்டேஷன நடத்த முடியுமா? நான் உக்காந்து பதினாலு விதியா எழுதி, லேமினேட் பண்ணி, ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுனேன். ஒரு காப்பி எப்பவும் என் பையில இருக்கும். இந்தா, பாருங்க. பாட்டில ஃப்ரிட்ஜ் கதவுல வைக்கக் கூடாது, திறந்து திறந்து மூடுனா சூடு ஏறும். நடுத்தட்டுல, தயிர்ச் சட்டிக்குப் பின்னால, டிபன் டப்பாவுக்குள்ள வைக்கணும். அந்த எடத்த விட்டு மருந்து நகரவே கூடாது, அது மூணாவது விதி. ஒரு தடவ உறைஞ்சுட்டா பிறகு கரைஞ்சு வந்தாலும் அது மருந்து கெடையாது, வெறும் தண்ணி. சூடு பட்டாலும் அதே கததான். பாக்கறதுக்கு நல்லா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. இருமல் மருந்து மாதிரி குலுக்கப்படாது, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மெதுவா உருட்டணும், பத்துத் தடவ. பதினோராவது தடவ கெடையாது. மனுஷனுக்குப் போடுத ஊசிய இதுக்குப் போடக் கூடாது, அளவுக்கோடு வேற. போட்டு முடிச்ச ஊசிய மூடி போட்ட டப்பாவுல போடணும், குப்பையில எறியக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவத் திறந்தா மூணு எண்ணுறதுக்குள்ள மூடணும்.

பதினாலாவது விதி என்னன்னா, வீட்டுல எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. ஊசிக்கும் சுவிட்சுக்கும் என்னங்க சம்பந்தம்னு வடிவு கேட்டா. முப்பத்தோரு வருஷத்துல நான் அணைச்ச வீடுகள்ல பாதி, ஆளில்லாத வீட்டுல ஒயர் கருகிப் பிடிச்ச தீ. சம்பந்தம் இல்லன்னு ஒயருக்குத் தெரியுமா?

சித்திரையில எங்க ஊரு சுடலைமாட சாமிக்குக் கொடைத் திருவிழா. நாலு நாள் போயாகணும், குலதெய்வம். எதிர் வீட்டுல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு, பல் டாக்டர் கிளினிக்குல வேல. அவங்க அப்பாவுக்கு அஞ்சாறு வருஷம் இன்சுலின் போட்டவ. அங்கிள், நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னா. ரெண்டு நாள் ட்ரில் குடுத்தேன். பதினாலு விதியையும் ஒப்பிக்கச் சொன்னேன், ஒப்பிச்சா. சாவியக் குடுத்தேன். பிறகு, ஊருக்குக் கிளம்புறப்ப நான் எப்பவும் செய்யுற வேலையச் செஞ்சேன். சிலிண்டர மூடுறது, குழாயெல்லாம் பாக்குறது, ஜன்னல அடைக்கிறது, கதவப் பூட்டுறது, படியிறங்கிக் கீழ மீட்டர் ரூமுக்குப் போயி மெயின அணைக்கிறது. கை தானாப் போகும் சார். முப்பது வருஷமா எனக்கு அது பழகிப் போச்சு. ஊருக்குப் போயிட்டு மெயின அணைச்சோமான்னு யோசிக்கிற ஆளுங்க இருக்காங்க. எனக்கு அந்த யோசனையே வந்தது கெடையாது.

போன முதல் நாளே அந்தப் பொண்ணு போன் பண்ணுதா. அங்கிள், வீடு அனலாக் கொதிக்குது, ஜமீன் பாத்ரூம் தரையில போயிப் படுத்திருக்கான், ஃபேனப் போட்டு விடட்டுமான்னு. மேல் மாடிம்மா, சித்திர மாசம், அப்படித்தான் இருக்கும், பதினாலாவது விதிய ஒரு தடவ வாசின்னேன். வாசிச்சா. சரி அங்கிள்னு வச்சுட்டா.

ரெண்டாம் நாளு இன்னொரு போன். உங்க ஃப்ரிட்ஜ்ல சத்தமே வரலயே அங்கிள்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷத்துச் சாமான்மா, அந்தக் காலத்து மெஷினு, சத்தம் போடுறதெல்லாம் இப்ப வாறதுதான்னு சொன்னேன். உள்ள பல்பு மட்டும் போயி அஞ்சு வருஷம் ஆச்சு. அத நான் மாத்தல. ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து புஸ்தகமா வாசிக்கப் போறோம்?

மூணாம் நாள் கோயில்ல வில்லுப்பாட்டு பாடிக்கிட்டிருக்காங்க, சாமி வாற நேரம், அப்ப பாத்து போன். மருந்து பாட்டில் ஜில்லுன்னே இல்ல அங்கிள், எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல கொண்டு போயி வச்சுக்கிடட்டுமான்னு கேக்கா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பதினாலு விதிய ஒப்பிச்ச பொண்ணு, மூணாவது விதிய மீறப் பாக்கா. நீ கையில ரொம்ப நேரம் வச்சிருக்க, அதான் சூடு, உருட்டுறது பத்துத் தடவதான், எடத்த மாத்துனா நான் பொறுப்பில்லன்னு சொல்லிட்டேன். அதுக்கும் சரின்னா.

நாலாம் நாள் காலையில என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. பூனையத் துணிக்கூடையில போட்டு, ஸ்கூட்டர்ல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா. ஒரே வாந்தியாம், தலையத் தூக்கலயாம். பூனைய வீட்ட விட்டு வெளிய எடுக்கக் கூடாதுங்கிறது அஞ்சாவது விதி. அத நான் எழுதியே வச்சிருக்கேன்.

நாங்க அடிச்சுப் பிடிச்சு வந்தோம். சக்கர நானூறத் தாண்டிப் போயிருக்கு. அஞ்சு நாள் ட்ரிப்ஸ் ஏத்துனாங்க. வடிவு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுலயே கெடந்தா, பச்சத் தண்ணி குடிக்கல. ஜமீனக் கம்பிக்கூண்டுல போட்டுக் கால்ல ஊசி குத்தி வச்சிருந்தாங்க. நான் போயி நின்னேன். பேப்பர மடிச்சுக் கொண்டு போயிருந்தேன், சும்மா கையில இருந்துச்சு. கூண்டுக்குள்ள விரிச்சு விட்டேன். நவுந்து நவுந்து வந்து அது மேல தலைய வச்சான் சார். நான் வெளிய வந்து நின்னுக்கிட்டேன். கண்ணுல ஏதோ விழுந்துட்டுது.

டாக்டரம்மா சொன்னாங்க, மருந்து கெட்டுப் போயிருக்கு, நல்ல சூட்டுல இருந்திருக்கு, நாலு நாளாப் போட்ட ஊசி ஒண்ணும் வேல செய்யல. ஃப்ரிட்ஜ் ஒழுங்கா ஓடுதான்னும் கேட்டாங்க. நான் விடுவேனா? வீட்டுக்கு வந்ததும் கையால தொட்டுப் பாத்தேன் டாக்டர், ஜில்லுன்னு ஓடிக்கிட்டிருக்கு, இருபத்திரண்டு வருஷத்துல ஒரு ரிப்பேர் கெடையாதுன்னு சொன்னேன். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா தாங்க மாட்டான், மருந்துல கவனமா இருங்கன்னு சொல்லிப் புது பாட்டில் குடுத்தாங்க.

அப்ப தப்பு யார் மேல? நீங்களே சொல்லுங்க. தீப்பிடிச்ச வீட்டுத் தரையப் பாத்தே எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லுத ஆளு நான். என் வீட்டுல ஒரு விசாரண நடத்த மாட்டேனா? நடத்துனேன். ஃப்ரிட்ஜுக்கு அடியில தண்ணி தேங்கிக் கெடந்துச்சு. கொட்டிட்டுத் துடைக்கல. வடிவு அரைச்சு வச்சுட்டுப் போன தோச மாவு பொங்கி வழிஞ்சு, தட்டெல்லாம் ஓடி, நாத்தம் குடலப் பிடுங்குது. தயிரு புழுத்துப் போச்சு. இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்? கதவச் சரியா மூடல. மூணு எண்ணச் சொன்னா முன்னூறு எண்ணியிருக்கா. எல்லா சாட்சியமும் ஒரே ஆளக் காட்டுது.

ரெண்டு பக்கத்துக்கு விசாரண அறிக்க எழுதி லிப்ட் பக்கத்து போர்டுல ஒட்டுனேன். அப்ப நான்தான் அசோசியேஷன் செக்ரட்டரி. பேரு போடல, எதிர் வீட்டு நபர்னுதான் போட்டேன். அந்த மாடியில எனக்கு எதிர் வீடு ஒண்ணுதான் இருக்கு, அது வேற விஷயம். அடுத்த ஞாயித்துக்கெழம மீட்டிங். நான் அறிக்கைய வாசிச்சேன். அந்தப் பொண்ணு எந்திரிச்சு ஒரே ஒரு வார்த்ததான் சொன்னா. அங்கிள், நீங்க சொன்னதுக்கு மேல நான் ஒண்ணுமே செய்யல, அதுதான் நான் பண்ண தப்புன்னா. பாத்தீங்களா, தப்புன்னு அவளே ஒத்துக்கிட்டா. ஆனா கூட்டத்துல இருந்தவங்களுக்கு அது விளங்கல. செக்ரட்டரிய மாத்தணும்னு யாரோ சொன்னான், எல்லாரும் கையத் தூக்குதாங்க. அவளையே செக்ரட்டரி ஆக்கிட்டாங்க. மோட்டார் ரூம் சாவி, மீட்டர் ரூம் சாவி எல்லாம் இப்ப அவகிட்ட. மீட்டர் ரூமுக்கு மட்டும் என்கிட்ட ஒரு சாவி உண்டு, அத நான் குடுக்கல. என் போன் நம்பரையும் அவ போன்ல பிளாக் பண்ணிட்டா. படியில எதிர்ல வந்தா நான் சுவரப் பாப்பேன், அவ என்னப் பாப்பா.

வீட்டுல அதுக்கு மேல. வடிவு அன்னையில இருந்து என்கிட்ட நேராப் பேசுறதில்ல. எல்லாம் ஜமீன் மூலமாத்தான். ஜமீனு, அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு. ஜமீனு, கேஸ் புக் பண்ணச் சொல்லு. நானும் அவன்கிட்டத்தான் பதில் சொல்லணும், அவன் வாயப் பிளந்து கொட்டாவி விடுவான். இப்பக் கல்யாணத்துக்குக் கிளம்புறப்பதான் நாலு மாசத்துக்குப் பிறகு என் முகத்தப் பாத்துப் பேசுனா. அந்தப் பொண்ணு இல்லன்னா இவன் அன்னைக்கே செத்திருப்பான், போயி மன்னிப்புக் கேளுங்கன்னா. இவனுக்கு மறுபடி ஏதாவது ஆச்சுன்னா நான் என் தங்கச்சி வீட்டுலயே இருந்துக்கிடுதேன், திரும்பி வர மாட்டேன்னும் சொன்னா. வெளையாட்டுக்குச் சொல்லல சார். முப்பத்தாறு வருஷமா அவ குரல் எனக்குத் தெரியும்.

மன்னிப்பு நான் எதுக்குக் கேக்கணும்? தப்புப் பண்ணது யாரு? அதுக்குப் பதிலா நல்ல ஆளாப் பிடிச்சேன். பிலவேந்திரன்னு ஒருத்தர், மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. காது மந்தம். செல்போன் வச்சுக்கிடுத பழக்கம் கெடையாது. சொன்னதச் செய்வாரு, எதிர்க்கேள்வி கேக்க மாட்டாரு. அந்தப் பொண்ணுகிட்ட எனக்குப் பிடிக்காததே அதுதான, எதுக்கெடுத்தாலும் போன், எதுக்கெடுத்தாலும் கேள்வி. இவரு பதினாலையும் வாசிச்சுட்டுத் தலைய ஆட்டுனாரு, அவ்வளவுதான். வீட்டுச் சாவியக் குடுத்துட்டேன். காலையில ரெண்டு யூனிட்ட நானே போட்டுட்டேன். சாயங்காலம் ஆறரைக்கு அவரு வந்து போடுவாரு. புது பாட்டிலு, நடுத்தட்டுல, தயிர்ச் சட்டிக்குப் பின்னால, டிபன் டப்பாவுக்குள்ள. கிளம்புறப்ப ஜமீன் வாசல் வரைக்கும் வந்தான் சார். எப்பவும் வர மாட்டான், இன்னைக்கு வந்தான். தலையத் தடவிட்டு, பேப்பர சோபாவுல விரிச்சு வச்சுட்டு, சிலிண்டர மூடுனேன், ஜன்னல அடைச்சேன், பூட்டுனேன், கீழ போயி மெயின அணைச்சேன், ஒம்போது மணி பஸ்ஸப் பிடிச்சாச்சு. இனி நிம்மதி.

இது எந்த ஊரு, துவரங்குறிச்சியா? மதுர போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். என்ன சார், ஒரு மாதிரிப் பாக்கீங்க?

மெயினா? ஆமா, மெயினு. எல்லாம் நின்னுரும், அதுக்குத்தான அணைக்கிறது. லைட்டு நிக்கும், ஃபேன் நிக்கும், டிவி, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர், ஒண்ணும் ஓடாது, எங்கயும் ஒரு பொறி பறக்காது. ஃப்ரிட்ஜா? ஃப்ரிட்ஜ் அது பாட்டுக்கு…

இருங்க.

ஒரு நிமிஷம் இருங்க சார்.

வீட்டுக்குத் திரும்பி வந்தப்ப நான் முதல்ல கீழ போயி மெயினப் போட்டுட்டுத்தான் மேல ஏறுனேன். நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டோம். சாயங்காலம் வந்து தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. அப்ப இருக்கத்தான செய்யும். தரையில தண்ணி. அது யாரும் கொட்டல. ஃப்ரீசர்ல இருந்த ஐஸ் உருகி வந்திருக்கு. மாவு பொங்கியிருக்கு. சத்தமே வரலயே அங்கிள்னா சார் அந்தப் பொண்ணு. எங்க வீட்டுல வச்சுக்கிடட்டுமான்னு கேட்டா. வைக்காதன்னு சொன்னது நானு. நாலு நாளு, சித்திர வெயில்ல, அடைச்ச வீட்டுல. மருந்துன்னு வெறும் தண்ணியத்தான் அவனுக்கு ரெண்டு ரெண்டு யூனிட்டா ஏத்தச் சொல்லியிருக்கேன். லிப்ட் பக்கத்துல ஒட்டி வேற வச்சேன்.

இப்ப மணி என்ன? பதினொண்ணா. ரெண்டு மணி நேரந்தான். பாட்டில் இன்னும் குளுந்துதான் இருக்கும், இல்லயா? கதவத் திறக்காம இருந்தா குளுந்துதான் இருக்கும். இப்ப மெயினப் போட்டாப் போதும். பிலவேந்திரன்கிட்ட போன் கெடையாது. இருந்தாலும் அவருக்குக் காது கேக்காது. நானே தேடிப் பிடிச்ச ஆளு. மீட்டர் ரூம் சாவி ஒண்ணு இந்தா என் பையில கெடக்கு. இன்னொண்ணு அவகிட்ட. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கிளினிக் லீவு, வீட்டுலதான் இருப்பா.

சார், உங்க போனக் குடுக்கீங்களா? என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டா. நம்பரா? இந்தத் தாள்லயே இருக்கு பாருங்க, கடைசி வரி. அவசரத்துக்கு ஜெசிந்தான்னு நானே எழுதியிருக்கேன். அந்தப் பேர அடிச்சிரணும்னு நெனச்சேன், லேமினேட் பண்ணிட்டதுனால முடியல. நீங்களே போடுங்க சார்.

ரிங் போகுதா?

எடுத்துட்டாளா? நீங்க பேசுங்க. யாரு பேசுதீங்கன்னு கேக்காளா? என் பேரச் சொல்லாதீங்க. மீட்டர் ரூமத் திறந்து அவ எதிர் வீட்டு மெயினப் போடச் சொல்லுங்க, அது போதும். வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். இல்ல, இருங்க. போன இப்படிக் குடுங்க, நானே பேசுதேன்.

ஜெசிந்தா. வச்சிராதம்மா, சுடலைமுத்து அங்கிள் பேசுதேன். கீழ போயி எங்க வீட்டு மெயினப் போடு தாயி, இப்பமே ஓடு. நான்தான் அணைச்சுட்டு வந்துட்டேன். ஆமா, இன்னைக்கு. இல்லம்மா, இன்னைக்கு மட்டும் இல்ல. அன்னைக்கும் நான்தான் அணைச்சேன்.